நான்கு மாதக் கோழி என்று சொல்லிக் கழிவுக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார்கள்

புறக்கடையில் கலப்பின முட்டைக் கோழி வளர்க்கலாம் என்று எண்ணிக் கைபேசியில் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் குமரி மாவட்டத்தவர்கள், பணத்தை அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். 24 கோழியும் ஒரு கூடும் என்ற பெயரில் என்னிடமிருந்து 23,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, பண்ணையில் முட்டையிட்டு ஓய்ந்துபோன கழிவுக் கோழிகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது ஐயமின்றி உறுதியானது இந்த வாரம்தான். வழக்கறிஞராக இருக்கும் என் தம்பி மகன் எச்சரித்திருப்பதால், விற்றவரின் பெயரையும் விளம்பரம் வந்த தளத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. பழைய கட்டில் முதல் கறவை மாடு வரை யாரும் எதையும் விளம்பரப்படுத்தி விற்கக்கூடிய ஒரு கைபேசித் தளம் அது. விற்றவர், கூடும் கோழியும் தீவனமும் சேர்த்து வீட்டில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் ஒரு வியாபாரி. இவ்வளவு போதும்.

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம், மூன்று புறமும் ரப்பர் மரங்கள் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. நாட்டுக் கோழியை அவிழ்த்து விட்டால் பகலில் கீரியும் இரவில் மரநாயும் கணக்கைத் தீர்த்துவிடும். மிஞ்சும் கோழியும் ஆண்டுக்கு 60, 80 முட்டைக்கு மேல் இடாது. இட்டவுடன் அடைக்கு உட்கார்ந்துவிடும். பி.வி. 380 போன்ற கலப்பினக் கோழியோ நல்ல தீவனம் கிடைத்தால் ஆண்டுக்கு 280 முட்டைக்கு மேல் இடும், அடைகாக்கும் பழக்கமும் அநேகமாக இல்லை, கூட்டிலேயே வளர்க்கலாம். போதாக்குறைக்கு நம் பக்கத்திலும் எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் பழுப்பு ஓட்டு முட்டைக்கு எப்போதும் கூடுதல் விலை உண்டு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனாலும் கடைக்காரர் பழுப்பு முட்டைக்குத்தான் இரண்டு ரூபாய் அதிகம் தருகிறார். ஓய்வூதியத்தில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இந்தக் கணக்கு நியாயமாகவே பட்டது, இப்போதும் படுகிறது. கோழியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த மனிதர் நம்பிக்கையைப் பெற்ற விதத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் அவர் இப்படித்தான் வருவார். விளம்பரத்தில் கண்ட எண்ணுக்குப் பேசியதும் விலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்காமல், இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நேரில் வந்தார். வந்தவர் முற்றத்தில் நின்று, மழைச் சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று கேட்டார். "ஆனி ஆடியில மேற்குச் சாரலும் உண்டும், ஐப்பசி கார்த்திகையில கிழக்கு மழையும் உண்டும் டீச்சர். தொழுவத்துக்க இந்தச் செவுரோட ஒட்டிக் கூட்டைப் போட்டாத்தான் கோழி நனையாது" என்றார். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் கூடு எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்து பேசுகிற ஆளைச் சந்தேகிக்க யாருக்குத்தான் தோன்றும்? என் அம்மா கொண்டுவந்த சாயாவைக் குடித்துக்கொண்டே, முன்பணம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் நீட்டியதையும் வாங்க மறுத்துவிட்டார். "கோழியைக் கண்ணால கண்ட பொறவு தந்தா போதும். மூணு வாரத்துல முட்டை இடல்லைன்னா நானே வந்து கோழியை எடுத்துட்டுப் பைசாவைத் திருப்பித் தருவேன், அம்மா சாட்சி" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். எண்பது வயதைத் தாண்டிய அம்மா அந்த ஒரு சொல்லில் அவரை வீட்டுப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்.

கோழிகள் வந்தது ஒரு மழை நாளில், விளக்கு வைக்கும் நேரத்தில். காலையில் வருவதாகச் சொன்ன வண்டி வழியில் பழுதாகிவிட்டது என்றார்கள். இருட்டும் நேரத்தில் கோழி அசையாமல் மடங்கி உட்கார்ந்துவிடும். காலையும் நகத்தையும் யாரும் பார்க்க முடியாது. அதற்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. அவரும் உடன் வந்த பையனும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டுக்குள் விட்டார்கள். என்னைத் தொடவே விடவில்லை, புதுக் கை பட்டால் கோழி மிரளும் என்றார்கள். இறகெல்லாம் புதிதாக, பளபளவென்று இருந்தது. கையில் ஒரு தடுப்பூசி அட்டையும் தந்தார்: ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா மருந்து, பதினான்காம் நாள் கம்போரோ நோய்க்கு, இருபத்தெட்டாம் நாள் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. பணத்தை ஸ்கேன் செய்து அனுப்பியபோது திரையில் வேறொருவரின் பெயர் வந்தது. கேட்டதற்கு, மச்சினனின் கணக்கு என்றார். 23,500 ரூபாய் ஒரே தவணையில் போய்ச் சேர்ந்தது. ரசீது நாளைக்கு என்றார், அந்த நாளை இன்னும் விடியவில்லை.

மறுநாள் காலையிலேயே கூட்டின் முன்புறச் சரிவில் இரண்டு முட்டைகள் உருண்டு கிடந்தன, ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பெரிய முட்டை. நான் மகிழ்ந்துபோய்ப் படம் எடுத்து அனுப்பினேன். "பார்த்தீங்களா டீச்சர், வந்த அன்னைக்கே!" என்று அவர் குரல்பதிவு அனுப்பினார். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது: முதன்முதலாக முட்டையிடத் தொடங்கும் இளங்கோழியின் முட்டை சிறியதாக இருக்கும், வாரங்கள் செல்லச் செல்லத்தான் அளவு கூடும், எடுத்த எடுப்பிலேயே பெரிய முட்டை, அதுவும் ஓடு மெலிந்து சொரசொரப்பாக வருகிறதென்றால் அது வயதான கோழியின் முட்டை. நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு என்ற அளவைத் தாண்டி எங்கள் கூடு போகவே இல்லை. அவற்றிலும் சில, சரிவில் உருளும்போதே விரிசல் விட்டன. 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் இந்த இனத்தில், சில வாரம் கழித்து உச்சத்துக்கு வந்த 24 கோழி இருந்தால் நாளுக்கு இருபது முட்டையாவது கிடைக்க வேண்டும். ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். 24 கோழிக்கு 50 கிலோ மூட்டை மூன்று வாரம்கூடத் தாங்காது. முட்டை வந்தாலும் வராவிட்டாலும் தீவனம் தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

அதன் பிறகு கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதலில், இடம் மாறிய கோழி, பழக நாளாகும் என்றார். பிறகு, நீங்கள் போடும் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்துப் போதாது, எங்கள் தீவனத்தையே வாங்குங்கள் என்று 1,750 ரூபாய்க்கு ஒரு மூட்டையை இறக்கினார். பிறகு வெளிச்சம் போதாது என்றார். முட்டைக் கோழிக்கு நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும், நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான் என்பதால் விளக்கு போட வேண்டும் என்று விளக்கினார். தொழுவத்தில் பல்பும் மாட்டினோம். பிறகு மழையின் மேல் பழி போட்டார். கவனித்துப் பார்த்தால், அவர் சொன்ன ஒவ்வொரு காரணமும் உண்மையான காரணம்தான். முட்டையிடும் கோழிக்கு அவை பொருந்தும். முட்டையிட்டு முடித்த கோழிக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது என்பதை அறிந்தேதான் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாக எடுத்து விட்டிருக்கிறார்.

முடிவில் இரண்டு கோழிகளைக் கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்து, முதலில் காலைத்தான் பார்த்தார். இந்த இனத்தில் இன்னும் முட்டையிடாத பெட்டையின் கால் மஞ்சளாக இருக்கும். முட்டையிட இட, மஞ்சள் நிறம் முதலில் ஆசனவாயிலும், பிறகு கண் வளையத்திலும், காதுமடலிலும், அலகிலும், கடைசியாகக் காலிலும் வெளுத்துப்போகும். கால் வரை வெளுக்க வேண்டுமானால் பல மாதம் தொடர்ந்து இட்டிருக்க வேண்டுமாம். எங்கள் கோழியின் கால் மெழுகுவத்தி போல வெளுத்து, செதில் தடித்துக் கிடந்தது. நகங்கள் நீண்டு உள்பக்கமாக வளைந்திருந்தன. மண்ணைக் கிளறும் கோழிக்கு நகம் தேய்ந்துவிடும், கம்பிக் கூட்டில் நெடுநாள் நின்றதற்குத்தான் இப்படி வளரும் என்றார். அலகு வெட்டப்பட்டிருந்ததைக் காட்டியபோது, அது இளங்கோழிக்கும் செய்வதுதான், அதை வைத்து வயது சொல்ல முடியாது என்று அவரே நேர்மையாகச் சொன்னார். இடுப்பெலும்பின் இரண்டு நுனிகளுக்கும் நடுவே, முட்டையிடும் கோழியாக இருந்தால் இரண்டு மூன்று விரல் நுழையும். இதில் ஒரு விரலே தடுமாறியது. ஒன்றரை வயதுக்குக் குறையாது என்றார். பெரிய பண்ணைகளில் சுமார் 72 வாரத்தில் கழித்துக் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கழித்த கோழியை அடிமாட்டு விலைக்கு எடுத்து, இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் வரை வைத்திருந்து, நான்கு மாதக் கோழி என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள். தடுப்பூசி அட்டையை அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்: நான்கு மாதத்தில் வெவ்வேறு நாளில் எழுதியிருக்க வேண்டிய பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன; மருந்தின் தொகுதி எண் ஒன்றுகூட இல்லை, முதல் நாளே போட வேண்டிய மேரெக்ஸ் தடுப்பூசிக்குக் கட்டமே இல்லை.

இதைச் சொல்லிப் பேசியபோது அந்த மனிதரின் குரலே மாறிவிட்டது. டாக்டருக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்றார். அம்மா சாட்சி என்று சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்; "அம்மாவுக்கு ரெண்டு கோழியை அறுத்துக் குழம்பு வச்சுக் கொடுங்க டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார். என் 23,500 ரூபாயை வாங்கிக்கொண்டு சொன்ன பதில் அது. அடுத்த நாளிலிருந்து என் எண்ணிலிருந்து அவருக்கு அழைப்பே போகவில்லை. விளம்பரத் தளத்துக்கு எழுதினால், முதலில் எந்திரம் பதில் சொன்னது. பிறகு ஒரு பெண், வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்துவது மட்டுமே எங்கள் வேலை, பணப் பரிமாற்றம் தளத்துக்கு வெளியே நடந்ததால் நாங்கள் பொறுப்பல்ல என்று மனப்பாடமாக ஒப்பித்தார். கறிக்கடையில் கேட்டால், இந்தக் கோழி வேக நேரமாகும் என்று முகத்தைச் சுளிக்கிறார்கள்.

கோழி வாங்குவது எப்படி என்று முறையாக எழுதவே உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோழியைப் பகல் வெளிச்சத்தில் இறக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றின் காலையும் நகத்தையும் நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள்; தொட விடாதவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் குஞ்சாகவே வாங்குங்கள்: பழுப்பு முட்டையிடும் இந்தக் கலப்பினங்களில் ஒரு நாள் குஞ்சிலேயே பெட்டை செம்பழுப்பாகவும் சேவல் வெளிர் நிறமாகவும் இருப்பதால் அங்கே ஏமாற்றுவது கொஞ்சம் கடினம். விற்பவரின் பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், ரசீது கையில் வரும் வரை வண்டியை விடாதீர்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இணையவழிப் பண மோசடி என்றால் 1930. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. நான் அங்கேதான் போகிறேன்.

இவரிடமே வாங்கியவர்கள் இருந்தால் குரல்பதிவுகளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள், கோழி செத்தால் புதைப்பதற்கு முன் கால் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நேற்று இரவு பார்த்தேன், அதே கூட்டின் படத்தோடு வேறு பெயரில் புது விளம்பரம் ஏறியிருக்கிறது. விலை 22,999 ரூபாய், முன்பணம் தேவையில்லையாம்.