ஃப்ரெட் ஆர்ச்சருக்காக நியூமார்க்கெட் போனேன்: குதிரைப் பந்தய அருங்காட்சியகம் எப்படி?

இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில், பழைய அரண்மனையின் மிச்சமான பேலஸ் ஹவுஸில், 2016 முதல் தேசியக் குதிரைப் பந்தய அருங்காட்சியகம் இயங்குகிறது. நான் போனது ஃப்ரெட் ஆர்ச்சர் என்ற ஒரே ஆளுக்காக. 11 வயதில் மேத்யூ டாசன் என்ற பயிற்சியாளரிடம் தொழில் கற்க இதே ஊருக்கு வந்த பையன், 17 வயதில் சாம்பியன் ஜாக்கி, அதாவது அந்த வருடத்தில் அதிகப் பந்தயம் ஜெயித்த குதிரை ஓட்டி. 1874 முதல் 1886 வரை, 13 வருடமும், அந்தப் பட்டத்தை வேறு யாரும் தொட முடியவில்லை. 8,084 சவாரியில் 2,748 வெற்றி, அதாவது மூன்று தடவை ஏறினால் ஒரு தடவை ஜெயம்!

இங்கே கட்டாயம் செய்ய வேண்டியது சிமுலேட்டர் குதிரையில், அதாவது நிஜக் குதிரை ஓடுவது மாதிரி ஆடும் இயந்திரத்தில், ஏறுவது. அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) கால் வைத்து, முட்டியை மடக்கி, பின்பக்கம் சேணத்தில் படாமல் குனிந்து நிற்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தொடை இரண்டும் தீயாக எரிய ஆரம்பித்துவிட்டது, இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் ஒன்று, ஆர்ச்சர் காலத்தில் இப்படிக் குனிந்து ஓட்டும் பழக்கம் இங்கிலாந்தில் இல்லை. நீளமான அங்கவடி வாரில் காலை நீட்டி, நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டினார்கள். அப்படி ஓட்டித்தான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தை ஐந்து தடவை ஜெயித்தார், அதில் 1880-ல் பெண்ட் ஆர் என்ற குதிரை மேல் ஜெயித்தது சில வாரங்களுக்கு முன் வேறொரு குதிரை கடித்துக் குதறிய கையோடு. கையை இரும்புப் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஒற்றைக் கையால் ஓட்டி, ஒரு குதிரைத் தலை நீள வித்தியாசத்தில் முந்தினார்.

எனக்கு மனசு கனத்தது அவருடைய உயரத்தை நினைத்துத்தான். 5 அடி 10 அங்குலம். உடம்பு எடை குறைவாக இருக்க வேண்டிய ஜாக்கிக்கு அது சாபம். சும்மா விட்டால் 70 கிலோ ஏறிவிடும் உடம்பை, பேதி மருந்தும் விளக்கெண்ணெயும் பட்டினியுமாக வருடா வருடம் வற்றவைத்தார். 1884-ல் பிரசவத்தை ஒட்டி மனைவி இறந்தார். அதற்கு அடுத்த வருடமே 246 வெற்றி, 1933 வரை யாரும் தாண்டாத கணக்கு. 1886 இலையுதிர்காலத்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காகச் சாப்பாட்டையே நிறுத்தி 54 கிலோவுக்கு இறங்கினார், ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றார். உடனே டைபாய்டு காய்ச்சல். அந்த நவம்பரில், இதே ஊரில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 29. படித்துத் தெரிந்த கதைதான், ஆனாலும் தொடை நடுங்க அங்கே நின்றபோதுதான் அந்த உடம்பு பட்ட பாடு கொஞ்சமாவது புரிந்தது.

குதிரை ஓவியங்கள் நிறைய இருக்கின்றன, பிடித்தவர்கள் ஆற அமரப் பார்க்கலாம். பின்னால் உள்ள லாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளை அங்கே வேறு வேலைக்குப் பழக்குகிறார்கள். ஒரு குதிரை என் தோளில் மூக்கை வைத்து மெதுவாக மூச்சு விட்டது, நகரவே மனசில்லை.

அப்புறம், போகிறவர்கள் விடியற்காலையிலேயே ஊருக்குள் வந்துவிடுங்கள். வாரன் ஹில் மேட்டில் குதிரைகள் வரிசையாகப் பயிற்சிக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு, அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்கு இறங்கி வந்தால் சரியாக இருக்கும்.