டபுள் ஹோஸ் ரெகுலேட்டரும் ஸ்டீல் பேக்பிளேட்டும்: நாலு வருட அனுபவம்

பழைய டபுள் ஹோஸ் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும், வாய்க்கு இரண்டு குழாய் உள்ள கருவி) பேக்பிளேட்டோடு (சிலிண்டரை முதுகில் தாங்கும் தகடு) சேர்த்துக் கட்டி ஸ்கூபா டைவுக்கு முதல்முறை இறங்கியபோது, இருபது நிமிடத்தில் நெஞ்சு களைத்துவிட்டது. மூச்சை இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரெகுலேட்டரைச் சந்தேகப்பட்டேன். பிரித்து, டயாஃப்ரத்தை (நீரழுத்தத்தை உணரும் மெல்லிய சவ்வு) மாற்றி, உள்ளே இருக்கும் லீவரின் உயரத்தைச் சரிசெய்து மறுபடி இறங்கினேன். அதே கதை. கோளாறு ரெகுலேட்டரில் இல்லை, அதை நான் முதுகில் எங்கே உட்கார வைத்திருந்தேன் என்பதில்தான் இருந்தது என்று புரிய இன்னும் ஆறேழு டைவ் ஆனது. இந்தப் பழைய கருவிகளைக் கையில் எடுப்பவர்களுக்கு அந்த ஆறேழு டைவ் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது யு.எஸ். டைவர்ஸ் ராயல் அக்வா மாஸ்டர், 1960-களின் வடிவம். சிலிண்டர் பழைய ஸ்டீல் 72 (72 கன அடி வகை), மேலே ஜே-வால்வு, அதாவது கடைசிக் காற்றை ரிசர்வாகப் பிடித்து வைக்கும் வால்வு. பேக்பிளேட் மட்டும் புதிது: துருப்பிடிக்காத ஸ்டீல், எடை 2.7 கிலோ. அதை உடம்பில் மாட்டும் ஹார்னஸ், 50 மில்லிமீட்டர் அகல நைலான் பட்டை, நடுவில் வெட்டோ தையலோ இல்லாத ஒரே துண்டு. ரெகுலேட்டரின் ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருந்ததால் அவற்றையும், டயாஃப்ரம், மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு ஆகியவற்றையும் சிலிக்கானுக்கு மாற்றிவிட்டேன். பித்தளை உடம்பு அப்படியே இருக்கிறது.

இன்றைய சிங்கிள் ஹோஸ் ரெகுலேட்டரில் டயாஃப்ரம் வாய்க்கு முன்னால் இருக்கிறது. சிலிண்டரை ஒரு சாண் ஏற்றிக் கட்டினாலும் இறக்கிக் கட்டினாலும் மூச்சுக்கு வித்தியாசம் தெரியாது. டபுள் ஹோஸில் டயாஃப்ரம் முதுகுக்குப் பின்னால், வால்வின் மேல் உட்காரும் அந்த வட்ட டப்பாவுக்குள் இருக்கிறது. டப்பா இருக்கும் இடத்து நீரழுத்தத்துக்குத்தான் காற்று வரும். நுரையீரல் அதைவிட 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அந்த 10 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்தை நம் நெஞ்சுதான் ஒவ்வொரு மூச்சுக்கும் ஈடுகட்ட வேண்டும். மல்லாந்து படுத்தால் நிலைமை தலைகீழ்: டப்பா கீழே போய்விடும், காற்று தானாகவே வாய்க்குள் பாயும்.

இந்த உயர வித்தியாசம், இந்த வகை ரெகுலேட்டரை உருவாக்கிய கூஸ்தோவையும் கான்யானையும் ஆரம்பத்திலேயே படுத்தியிருக்கிறது. 1943-ல் பிரான்சின் மார்ன் ஆற்றில் முதல் மாதிரியைச் சோதித்தபோது, உடம்பு நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் இழுக்கவே வரவில்லை. மூச்சு வெளியேறும் வால்வை உள்வரும் டயாஃப்ரத்தின் மட்டத்துக்கே கொண்டுவந்ததும்தான் சரியானது. இரண்டாவது ஹோஸ் வெளிவிட்ட காற்றை மறுபடி முதுகுக்குக் கொண்டுபோவது இதற்காகத்தான். டப்பாவுக்கும் நுரையீரலுக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது மட்டும் ஹார்னஸ் கட்டுகிறவர் பொறுப்பு.

அதில் இரண்டு வேலை இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது உதவுவது சிலிண்டரை இறக்கிக் கட்டுவது. குப்புற நீந்தும்போது உதவுவது சிலிண்டரை முதுகோடு ஒட்டிக் கட்டுவது. முதலாவதை எல்லோரும் சொல்வார்கள். என்னைச் சோர்வாக்கியது இரண்டாவதுதான், ஏனென்றால் டைவில் பெரும்பகுதி நாம் குப்புறத்தான் இருக்கிறோம். ஒற்றைச் சிலிண்டரை பேக்பிளேட்டில் பொருத்த ஒரு அடாப்டர் தருவார்கள் இல்லையா, அது சிலிண்டரை முதுகிலிருந்து மேலும் தள்ளி நிறுத்துகிறது. நடுவில் விங்கின் (மிதப்புக்கு ஊதும் காற்றுப் பையின்) துணி வேறு. முதல் வேலையாக அந்த அடாப்டரைக் கழற்றி, கேம் பேண்டுகளை (சிலிண்டரைச் சுற்றி இறுக்கும் பட்டைகளை) விங்கின் வழியாக பேக்பிளேட்டின் துளைகளிலேயே நேராகக் கோத்தேன். அடுத்த டைவிலேயே வேறு ரெகுலேட்டரை மாட்டியது போல இருந்தது. அடாப்டர் போனதும் சிலிண்டர் பக்கவாட்டில் உருண்டது. பேக்பிளேட்டின் இரு ஓரங்களிலும், சிலிண்டர் படும் இடத்தில், தடித்த ரப்பர்ப் பட்டை ஒட்டியதும் அதுவும் நின்றது.

உயரத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: ஹார்னஸை மாட்டி நேராக நின்றால் டப்பா தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வர வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்தால் பின்மண்டை எதிலும் இடிக்கக் கூடாது. என் உடம்புக்கு இது வழக்கமான கட்டைவிட கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே. ஸ்டீல் 72 இதற்கு நல்ல ஜோடி. 80 கன அடி அலுமினியச் சிலிண்டரைவிட விட்டம் ஒரு சென்டிமீட்டர் குறைவு, அதனால் முதுகோடு இன்னும் ஒட்டும். கடைசியில் காற்று குறையும்போது அலுமினியம் மாதிரி மேலே இழுப்பதும் இல்லை.

சிலிண்டரை இறக்கியதும் ஹார்னஸின் மற்ற கணக்கெல்லாம் மாறியது. தோளில் வரும் பட்டைகளை இறுக்கிப் பிடிப்பது தவறு. பேக்பிளேட்டின் மேல் விளிம்புக்கும் கழுத்தடிக்கும் நடுவே கை நுழைகிற இடம் வேண்டும், இல்லாவிட்டால் கையை மடக்கி வெளியே எடுக்க முடியாது. மொத்தத்தையும் கீழே பிடித்து வைப்பது காலிடைப் பட்டைதான். அது இல்லாமல் ஒருமுறை இறங்கினேன். விங்கில் காற்று ஏறியதும் பேக்பிளேட் மேலே ஊர்ந்தது, அதோடு டப்பாவும் ஏறியது, மூச்சு மறுபடி கனத்தது. ஐம்பதுகளின் ஹார்னஸ்களிலேயே காலிடைப் பட்டை இருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. வெயிட் பெல்ட்டை மட்டும் காலிடைப் பட்டைக்கு மேலேதான் கட்ட வேண்டும். உள்ளே சிக்கிவிட்டால் அவசரத்தில் கழற்றி விட்டாலும் கீழே விழாது. ஒவ்வொரு டைவுக்கு முன்னும் கையால் தடவிப் பார்ப்பேன்.

டி-ரிங்குகள் (பொருட்களை மாட்டும் வளையங்கள்) பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மார்பில் உள்ளவற்றை வழக்கமான இடத்தில் வைத்தால் அவற்றில் தொங்கும் டார்ச் ஹோஸில் உரசும். இரண்டையும் நாலு விரல் இறக்கினேன்.

இந்த நாலு வருடத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் காட்டியது ஜே-வால்வின் இழுகம்பி. வால்வு கடைசி 300 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். மூச்சு கனக்கத் தொடங்கியதும் இடுப்புப் பக்கம் தொங்கும் கம்பியைக் கீழே இழுத்தால் அது திறக்கும். பழைய பிளாஸ்டிக் பேக்கில் கம்பிக்குத் தடையே இல்லை. என் கட்டில், ஊதிய விங்கின் ஓரம் கம்பியை சிலிண்டரோடு அமுக்கிவிட்டது. ஆறு மீட்டர் ஆழத்தில் இழுத்தேன், வரவில்லை. விங்கிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டு மறுபடி இழுத்ததும் 'டக்' என்று இறங்கியது. மறுநாளே அகலம் குறைந்த விங்குக்கு மாறினேன். கம்பியை கீழ்க் கேம் பேண்டில் ஒரு வளையத்துக்குள் விட்டு வழிப்படுத்தினேன். கம்பி இழுக்கும் வால்வு நெம்புகோல் எங்காவது இடித்து முன்பே இறங்கியிருந்தால் ரிசர்வ் இருக்காது, நமக்கும் தெரியாது. ஆகவே கம்பியை மட்டும் நம்பாமல், வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே பேன்ஜோ இணைப்பு (இடையில் செருகும் வளைய இணைப்பு) போட்டு பிரஷர் கேஜும் வைத்திருக்கிறேன். இன்னொன்று: சிலிண்டரில் காற்று நிரப்பும்போது நெம்புகோல் கீழே இருக்க வேண்டும், டைவுக்கு முன் மேலே ஏற்ற வேண்டும். ஒரு காற்று நிரப்பும் கடையில் இதைக் கவனிக்காமல் விட்டு பாதிச் சிலிண்டரோடு திரும்பியிருக்கிறேன். அதன்பின் நானே பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

ராயலில் விங்கை ஊதவோ இன்னொரு வாய்ப்பகுதியை மாட்டவோ வேண்டிய லோ பிரஷர் இணைப்புக்கு இடம் கிடையாது. ஆகவே விங்கை வாயால்தான் ஊதுகிறேன், ஆக்டோபஸுக்கு (அவசரத்துக்கான இரண்டாவது வாய்ப்பகுதிக்கு) பதில் சிறிய சிலிண்டரில் சிங்கிள் ஹோஸ் ஒன்று பக்கவாட்டில் தொங்கும். இந்தக் கட்டோடு 12 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஹோஸில் தண்ணீர் புகுந்தால் இடப்பக்கம் உருண்டு, வெளிவிடும் ஹோஸைக் கீழே வைத்து ஊத வேண்டும். பேக்பிளேட் உடம்போடு ஒட்டியிருப்பதால் உருளும்போது சிலிண்டரும் கூடவே வருகிறது. பழைய பேக்கில் உடம்பு ஒரு பக்கம் போகும், சிலிண்டர் சற்றுத் தாமதமாக வரும்.

பராமரிப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேம் பேண்டை நனைத்தபின்தான் இறுக்க வேண்டும். நைலான் ஈரத்தில் தளரும், உலர்ந்தபோது இறுக்கியது பத்து நிமிடத்தில் நழுவும். பட்டையை ஒருமுறை மாற்றினேன், தோளில் பேக்பிளேட்டின் துளை ஓரம் அரித்திருந்தது. புதிய பேக்பிளேட் வாங்கினால் துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், கூர்மை தெரிந்தால் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிவிடுங்கள்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. சிலிண்டரை இவ்வளவு இறக்கியபின் வால்வின் குமிழ் கைக்கு எட்டுவதில்லை. சிலிண்டரை இரண்டு விரல் ஏற்றிப் பார்த்தேன், நுனிவிரல் பட்டது, ஆனால் மூச்சு கனத்தது. மறுபடி இறக்கிவிட்டேன். இப்போதைக்கு வால்வு முழுதும் திறந்திருக்கிறதா என்று கரையிலேயே கூட இறங்கும் துணை டைவரைத் திருகிப் பார்க்கச் சொல்கிறேன். நீருக்குள் தேவைப்பட்டால் இடுப்புப் பக்கிளைத் திறந்து, இடக்கையை வெளியே எடுத்து, சிலிண்டரை முன்னால் கொண்டுவந்து எட்டிக்கொள்ளலாம். அதை மாதம் ஒருமுறை மூன்று மீட்டர் ஆழத்தில் பழகிவருகிறேன்.