பின்வரிசை உறுப்பினர் என்ன கேட்டார்? பி.எம்.ஜி. தளம் பற்றி டோங்காட்டிலிருந்து

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளம், டர்பனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரான டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் சிதைத்துவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழாய் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தது. அந்த ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்ச, என் தம்பி டர்பனிலிருந்து பக்கியில் (சின்ன பிக்கப் வண்டியில்) டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஏற்றி வந்தான். கஞ்சிப் பானை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டாமல் வாளியில் பிடித்து வைத்தோம், கழிப்பறைக்கு ஆகுமே என்று.

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்: "ஓட்டுப் போட்டு அனுப்பினோமே, அங்கே யாராச்சும் நம்ம டோங்காட் பேரைச் சொன்னாங்களாம்மா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்க் கிடைத்ததுதான், நாடாளுமன்றக் குழுக் கூட்டங்களில் நடப்பதைக் குறிப்பெடுத்துப் போடும் பார்லிமெண்டரி மானிட்டரிங் குரூப் என்ற இணையதளம். சுருக்கமாக பி.எம்.ஜி. அன்று முதல் இதை விடாமல் பயன்படுத்துகிறேன்.

முதலில் நானும் டிஎஸ்டிவி என்ற சாட்டிலைட் டிவியில் 408-இல் வரும் நாடாளுமன்ற சானலைத்தான் திறந்தேன். அவையின் விவாதத்தைப் பார்த்தால் முன்வரிசைக்காரர்கள் பேசுகிறார்கள், கூச்சல் வருகிறது, அமைச்சர், தலைவர் என்று பதவி ஏதும் இல்லாமல் பின்வரிசையில் இருப்பவர் தாளைப் பார்த்து இரண்டு மூன்று நிமிடம் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் ஏற்பாடே அப்படி என்று புரிந்தது. நம் தேசிய அவையில் 400 உறுப்பினர்கள். பேசும் நேரம் கட்சியின் பலத்துக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. அதில் யார் பேசுவது என்பதைக் கட்சியும் கொறடாவும் முடிவு செய்கிறார்கள். லண்டன் பார்லிமெண்டில் 2010 முதல் பின்வரிசையினருக்கென்றே ஒரு குழு இருக்கிறது. உறுப்பினர்கள் அதனிடம் போய், இதைப் பற்றி விவாதிக்க நேரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறார்கள். அங்கே ஒவ்வொருவரும் ஒரு தொகுதியில் நின்று ஜெயித்தவர். இங்கே கிட்டத்தட்ட எல்லாரும் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். கட்சி உறுப்பினர் என்ற தகுதி போனால் நாடாளுமன்ற இடமும் போய்விடும், அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடு ஒருவர் எவ்வளவு பேசிவிட முடியும்?

2017 ஆகஸ்ட் 8 அன்று அப்போதைய ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் ரகசிய வாக்கெடுப்பில் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆதரவு 177, எதிர்ப்பு 198, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 9. எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்தாலே 151 இடம்தான். மிச்ச 26 வாக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வாயைத் திறக்காத பின்வரிசைக்கும் மனசு இருக்கிறது என்று நான் நம்ப ஆரம்பித்தது அன்றுதான்.

அந்த மனசு வெளியே தெரியும் இடம் குழுக் கூட்டங்கள். துறைவாரியாக நிலைக்குழுக்கள் உண்டு. வெள்ளத்துக்கென்று 2022-இல் இரு அவைகளும் சேர்ந்து ஒரு தனிக் குழுவையும் அமைத்தன. ஆனால் அவையில் பேசுவதற்குச் சொல்லுக்குச் சொல் ஹன்சார்ட் என்ற அதிகாரபூர்வப் பதிவு உண்டு, குழுக் கூட்டங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1995-இல் பிளாக் சாஷ் என்ற மனித உரிமை அமைப்பு உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து பி.எம்.ஜி.யைத் தொடங்கின. ஆட்களை அனுப்பி, கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துப் போடுகிறார்கள்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே சுருக்கம், கீழே முழுக் குறிப்பு. அதிகாரிகள் கொண்டுவந்த ஸ்லைடுகள், ஒலிப்பதிவு எல்லாம் கூடவே இருக்கும். நான் சுருக்கத்தைத் தாண்டி நேராக விவாதப் பகுதிக்குப் போய்விடுவேன். முதலில் துறை அதிகாரிகள் விளக்கம் கொடுத்து முடிப்பார்கள். பிறகு தலைவர் உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கேட்கச் சொல்வார். எத்தனை குழாய் சரியாகிவிட்டது, டேங்கர் எந்தத் தெருவுக்கு எந்த நாளில் போகிறது, ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது என்று கேள்விகள் இந்த ரகத்தில் இருக்கும். எல்லாக் கேள்வியும் சேர்ந்த பிறகு அதிகாரிகள் மொத்தமாகப் பதில் சொல்வார்கள். இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் கஷ்டமான கேள்வி அந்தக் கும்பலில் நழுவிவிடும். நல்ல உறுப்பினர் இரண்டாவது சுற்றில் அதையே திரும்பக் கேட்பார். எழுத்தில் பதில் தருகிறோம் என்று ஒப்புக்கொள்ள வைப்பார். டிவியில் தாளைப் பார்த்து வாசித்த அதே ஆள், இங்கே ஸ்லைடின் பக்க எண்ணைச் சொல்லி, இந்தக் கூட்டல் தப்பு என்று மடக்குவதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் எழுத்துமூலம் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் தனிப் பகுதியில் இருக்கின்றன. மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்கலாம். தனி உறுப்பினர் மசோதாக்களைத் தேடிப் பாருங்கள் என்று கட்டாயம் சொல்வேன். முன்பெல்லாம் ஒரு சாதாரண உறுப்பினர் மசோதா கொண்டுவர அவையின் அனுமதி வேண்டும். எங்கள் மாகாணத்தில் வேரூன்றிய இன்காதா கட்சியின் மரியோ ஒரியானி-அம்புரோசினி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2012 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014-இல், நுரையீரல் புற்றுநோயோடு, மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கும் மசோதாவை அவரே கொண்டுவந்தார். அதே வருடம் இறந்தும் போனார். அவர் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் அந்த மனிதருக்கு நான் தலை வணங்குகிறேன்.

குறை என்று சொன்னால், எல்லாம் ஆங்கிலம். பெரியம்மாவுக்கு நான்தான் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது அதிகாரபூர்வப் பதிவு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. பேச்சைச் சுருக்கி எழுதுவதால் பேசியவரின் சூடு குறிப்பில் தெரியாது. மனு எழுதும்போது ஒருவர் சொன்னதை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தால் ஒலிப்பதிவைக் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

குழுக் குறிப்புகளைப் படிக்கக் காசு கிடையாது. மின்னஞ்சல் கொடுத்து உங்களுக்கு வேண்டிய குழுவைத் தேர்ந்தெடுத்தால் புதிதாக வருவது தானாக வந்து விழும். நான் தண்ணீர் துறைக் குழுவையும் அடிப்படைக் கல்விக் குழுவையும் எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவள் என்பதால் இரண்டாவது எனக்கு அவசியம்.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது: சொன்னார்கள், ஒரு முறைக்கு மேல் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தேடும்போது டோங்காட் என்றும் அதன் இன்னொரு பெயரான ஓதோங்காதி என்றும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரோடு நிறுத்தினால் பாதி கைவிட்டுப் போய்விடும்.