எம்பிராய்டரிக்குத் தமிழ் எழுத்துகள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: முதல் சலவையிலேயே மெய்யெழுத்துப் புள்ளிகள் கழன்று விழுகின்றன

எம்பிராய்டரி இயந்திரம் வைத்துத் தொழில் செய்கிறவர்கள், குறிப்பாகத் தமிழில் பெயர் தைத்துக் கொடுக்கிறவர்கள், கொஞ்சம் நின்று இதைப் படியுங்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சொல்வது முன்பின்னாக இருக்கலாம். எனக்குப் போனது ஒரு மாத வருமானம். உங்களுக்கும் அப்படிப் போகக்கூடாது. வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வாங்கியது, டிசைன் கோப்புகள் விற்கும் ஓர் இணையச் சந்தையில். பெயரை எழுதப்போவதில்லை. ஆளாளுக்குக் கடை விரித்திருக்கும் வகையான தளம். பணம் கட்டியவுடன் கோப்பு இறங்கிவிடும். ஆங்கில எழுத்துகள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. நல்ல தமிழ் எழுத்துகளுக்குத்தான் பஞ்சம். ஒரு விற்பனையாளர் மட்டும் உயிர், மெய், உயிர்மெய் அத்தனையையும் எழுத்துக்கு ஒரு கோப்பாக, ஐந்து அளவுகளில் வைத்திருந்தார். தைத்துக் காட்டியிருந்த படங்களைப் பார்த்தால் யாரும் மயங்கிவிடுவார்கள். ழகரத்தின் வளைவில் சாட்டின் தையல், அதாவது இடைவெளி தெரியாமல் நெருக்கமாக ஓடும் பளபளப்பான தையல், ஓர் இடத்தில்கூட முறியாமல் திரும்பியிருந்தது.

அப்படியும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பணம் கட்டுமுன் அவரிடம் நேரடியாகவே கேட்டேன்: "ஒவ்வொரு எழுத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சுத் தையல் இருக்கிறதா? மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியாக இருக்கிறதா?"

பதில் உடனே வந்தது. "அக்கா, கவலையே வேண்டாம். எல்லா எழுத்திலும் இருக்கிறது, புள்ளியிலும் இருக்கிறது. எல்லா அளவையும் நாங்களே தைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்கிறோம்."

அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன். கேள்வியைத் தெளிவாகக் கேட்டேன், தெளிவான பதிலும் வந்தது. தொழில் தெரிந்த ஒருவர் தொழில் தெரிந்த இன்னொருவருக்குச் சொன்ன பதில் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அது பச்சைப் பொய் என்று இப்போது தெரிகிறது.

புதிதாக இயந்திரம் வாங்கியவர்களுக்காக ஒரு விளக்கம். கையால் தைக்கும் சிறு பிள்ளைகூட நூல் நுனியில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஊசியைத் துணியில் இறக்கும். இயந்திரத்தில் அந்த வேலையைச் செய்வது டை-இன், டை-ஆஃப் என்று சொல்லும் முடிச்சுத் தையல்கள். எழுத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை நீளமுள்ள மூன்று நான்கு குட்டித் தையல்களை ஊசி முன்னும் பின்னுமாகப் போட வேண்டும். அவைதான் மேல்நூலையும், அடியிலிருந்து வரும் பாபின் நூலையும் துணியோடு பிணைத்து வைக்கின்றன. எழுத்துகளை நூல் அறுக்காமல் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டு போனால் இடையில் அவை தேவையில்லை. இயந்திரம் எங்கே நூலை வெட்டுகிறதோ, அந்த வெட்டுக்கு முன்னும் பின்னும் கட்டாயம் இருக்க வேண்டும்.

தமிழில் இது இரண்டு மடங்கு முக்கியம். 'ர்' தைக்கும்போது இயந்திரம் ரகரத்தை முடித்து நூலை வெட்டி, மேலே போய்ப் புள்ளியைத் தைத்து மறுபடியும் வெட்டுகிறது. சிறிய எழுத்தில் அந்தப் புள்ளி 2 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. மொத்தமே சில தையல்கள்தான். பெரிய எழுத்துக்கு முடிச்சு இல்லாவிட்டாலும் நிறையத் தையல்கள் இருப்பதால் உராய்விலேயே கொஞ்ச காலம் ஓடிவிடும், நுனிதான் முதலில் பிரியும். புள்ளிக்கு அப்படி எந்தப் பிடிப்பும் கிடையாது. கழன்றால் முழுதாகக் கழன்றுவிடும்.

ஒரு விளையாட்டுக் குழுவின் சட்டைகளுக்கு மார்பில் பெயர் தைக்கும் வேலை அது. பின்னல் துணி என்பதால், துணி இழுபடாமல் இருக்க அடியில் வைக்கும் ஸ்டெபிலைசரில், மிச்சத்தை வெட்டி எடுக்கும் வகையைக் கொடுத்தேன். 40 எண் பாலியெஸ்டர் நூல், பின்னல் துணிக்கான உருண்டை முனை கொண்ட 75/11 ஊசி. எதிலும் சிக்கனம் பிடிக்கவில்லை. தைத்து முடித்தபோது எழுத்துகள் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. பயிற்சியாளர் வந்து, ஒவ்வொரு சட்டையாகத் தடவிப் பார்த்து, மனம் நிறைந்து எடுத்துப் போனார்.

முதல் சலவை முடிந்ததும் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. 'தலைவர்' என்று தைத்த இடத்தில் 'தலைவர' என்று இருந்தது. அடுத்தடுத்து வந்த படங்களிலும் அதே கதிதான். பிள்ளைகளின் பெயர்களில் மெய்யெழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. மனிதர் கோபப்படவில்லை. "என்னம்மா இப்படி ஆகிவிட்டது?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு சட்டையை வாங்கி மேசையில் விரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். புள்ளி இருந்த இடத்தில் ஊசி இறங்கிய ஓட்டைகள் வட்டமாகத் தெரிந்தன. அடியில் பாபின் நூலின் சிறு துணுக்கு ஒன்று தொங்கியது. 'ல'வின் கடைசி நுனியில் மேல்நூல் எழும்பி நின்றது. அதை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தேன். இழுக்க இழுக்க சாட்டின் வரி வரியாகப் பிரிந்து வந்தது. எங்கேயும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய முடிச்சு அங்கே இருந்தால்தானே!

பிறகு கோப்புகளை மென்பொருளில் திறந்து, ஊசி இறங்கும் இடங்களை மட்டும் காட்டச் சொல்லி, மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஐந்தில் மிகப் பெரிய அளவில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது: தொடக்கத்தில் மூன்று குட்டித் தையல்கள், முடிவில் மூன்று. சிறிய அளவுகளில் ஒன்றுகூட இல்லை! ஊசி நேரே சாட்டினில் இறங்குகிறது, நேரே வெட்டிக்கொண்டு போகிறது. பெரிய அளவை மட்டும் ஒழுங்காகச் செய்து, மற்றவற்றை மென்பொருளில் சுருக்கி எடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. சுருக்கும்போது சாட்டினின் அடர்த்தியை மென்பொருள் சரிசெய்துகொடுக்கும். முக்கால் மில்லிமீட்டர் முடிச்சுத் தையலோ கூடவே சுருங்கிக் கால் மில்லிமீட்டராகிவிடும். மிகச் சிறிய தையல்களை நீக்கும் வடிகட்டி பல மென்பொருள்களில் உண்டு. குப்பை என்று நினைத்து அது முடிச்சையே துடைத்துவிடும். படத்தில் காட்டியது பெரிய அளவை. தைத்துப் பார்த்தோம் என்று சொன்னதும், உண்மையாக இருந்தால், அந்த ஒன்றைத்தான்.

இதையெல்லாம் படத்தோடு விற்பனையாளருக்கு அனுப்பினேன். அதன் பிறகு நடந்ததுதான் பணம் போனதைவிட அதிகமாக எரிகிறது.

முதலில், "உங்கள் இயந்திரத்தின் டென்ஷனைச் சரிபாருங்கள்" என்றார். நூலின் இறுக்கத்தைத்தான் டென்ஷன் என்கிறோம். சட்டையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். சாட்டின் அகலத்தின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் நேர்கோடாகத் தெரிகிறது. டென்ஷன் சரியாக இருப்பதற்கு அதுதான் அடையாளம். உடனே, நூல் மட்டமாக இருக்கும் என்றார். அதே நூலில் தைத்த வேறு வேலைகள் எத்தனையோ சலவை கண்டும் அசையாமல் இருப்பதைக் காட்டினேன். சலவைத்தூள் மீது பழி போட்டார். இந்தக் கட்டத்தில் 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது.

கடைசியாகச் சொன்னதுதான் உச்சம்: "டி.எஸ்.டி. கோப்பில் முடிச்சு இருக்காது மேடம், இயந்திரமே போட்டுக்கொள்ளும்." தொழில் தெரியாத ஒருவர் இதைக் கேட்டு வாயடைத்துப் போயிருப்பார். டி.எஸ்.டி. என்பது ஊசியின் அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கும் கோப்பு. எழுத்து, வடிவம் என்ற விவரமெல்லாம் அதில் கிடையாது. நூல் வெட்டுவதற்குக்கூட அதில் தனிக் கட்டளை இல்லை. தைக்காமல் இடம் மட்டும் நகரும் தாவல்கள் அடுத்தடுத்து வருவதை வைத்துத்தான் பல இயந்திரங்கள் வெட்டுகின்றன. ஆகவே முடிச்சு வேண்டுமென்றால் அதையும் தையலாகவே கோப்பில் எழுதியிருக்க வேண்டும். வெட்டிய பிறகு தானாக முடிச்சுப் போடும் வசதி சில இயந்திரங்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அதிருக்கட்டும், புள்ளியிலும் முடிச்சு இருக்கிறது என்று பணம் வாங்குமுன் சொன்னது யார்? இதைக் கேட்ட பிறகு பதிலே இல்லை.

தளத்தின் குறைதீர் பிரிவுக்குப் போனேன். கோப்பு திறக்கிறதா என்று கேட்டார்கள். திறக்கிறது என்றேன். திறக்கும் கோப்பு குறைபாடுள்ள பொருள் ஆகாது, இறக்கிக்கொண்ட கோப்புக்குப் பணம் திரும்பாது என்று பதில் வந்தது. தைத்தால் பிரிகிறது என்று விளக்கி மறுபடியும் எழுதினேன். முதலில் வந்த அதே பதில், எழுத்து மாறாமல், வேறொரு ஊழியரின் பெயரில் வந்தது. படிக்காமலே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மனிதர்கூட அந்தச் சட்டையின் படத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கோப்பின் விலை மட்டும் என்றால் தலை முழுகிவிட்டுப் போயிருப்பேன். பயிற்சியாளருக்குக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பிரித்துத் தைத்தால் பின்னல் துணியில் ஓட்டை தெரியும் என்பதால் புதுச் சட்டைகள் வாங்கினேன். நூல், ஸ்டெபிலைசர், மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டதில் நின்றுபோன வரவு எல்லாம் சேர்த்துத்தான் ஒரு மாத வருமானம். ஒரு மாதம் முழுக்க இயந்திரத்தின் முன் உட்கார்ந்த உழைப்பு. இரண்டு நிமிடத்தில் சேர்த்திருக்கக்கூடிய முடிச்சுகளுக்காக ஒரு மாத வருமானம்!

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். புதுச் சட்டைகளைத் தைக்க உட்கார வேண்டும், புள்ளி ஒவ்வொன்றுக்கும் கையால் முடிச்சுத் தையல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எனவே முக்கியமானவை மட்டும்.

பெரிய அளவின் படத்தைப் பார்த்துச் சிறிய அளவை வாங்காதீர்கள். நீங்கள் தைக்கப்போகும் அதே அளவில் ஒரு மெய்யெழுத்தின் கோப்பை மாதிரியாகக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். மென்பொருளில் புள்ளியைப் பெரிதாக்கி, முதல் மூன்று தையலையும் கடைசி மூன்று தையலையும் பாருங்கள். தைத்த மாதிரியைத் துவைத்து, நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகு வேலையில் இறங்குங்கள். நீங்களே அளவைக் குறைத்தால் முடிச்சு நீளத்தை மறுபடி அரை மில்லிமீட்டருக்கு மேல் கொண்டுவாருங்கள். மிகச் சிறிதாக விட்டால் ஒரே ஓட்டையில் ஊசி இறங்கி நூல் அறுந்து சிக்குப் பிடிக்கும். சேமிக்கும்போது சிறுதையல் வடிகட்டி எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள்.

விற்பவரோடு பேசியதை அன்றைக்கே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைத்திருக்கிறேன். தளத்தில் இப்போது அந்த உரையாடலைத் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வருகிறது. அதே எழுத்துகள், அதே படத்தோடு, இன்றும் விற்பனையில் இருக்கின்றன.