ரெண்டு சேனல் ரிலே போர்டு: அந்த ஜம்பர கழட்டிட்டு யூஸ் பண்ணுங்க

வீட்டு தண்ணி மோட்டார ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டுற குட்டி கன்ட்ரோல் போர்டு) வச்சு ஓட்டலாம்னு, ஆப்டோ ஐசொலேஷன் (ரெண்டு பக்க கரண்டும் கலக்காம வெளிச்சத்தால பிரிச்சு வைக்கிறது) இருக்குற 5 வோல்ட் ரிலே போர்டு (சின்ன சிக்னல்ல பெரிய கரண்ட ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச்) ஒண்ணு வாங்கினேன், மூணு மாசமா ஓடுது. போர்டுல 817னு அச்சடிச்ச குட்டி கறுப்பு சிப், நாலு கால் தான், உள்ள ஒரு பக்கம் இன்ஃப்ராரெட் எல்இடி, எதிர்ல ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டர், நடுவுல கம்பியே கிடையாது, வெளிச்சம் மட்டும் தான் தாண்டி போகுது. டேட்டாஷீட் படி 5000 வோல்ட் வரைக்கும் தாங்கும்.

ஆனா முதல் வாரம் படாத பாடு பட்டேன். ரிலே டக்குனு விழும்போதெல்லாம் ஆர்டுயினோ ரீசெட் ஆயிடும். கடைசில பாத்தா விசிசி (சிக்னல் பக்கத்துக்கு பவர் போற பின்), ஜேடி-விசிசி (ரிலே காயிலுக்கு பவர் போற பின்) ரெண்டையும் சேத்து ஒரு ஜம்பர் (ரெண்டு பின்ன இணைக்கிற குட்டி கிளிப்) மாட்டியே அனுப்பியிருக்காங்க, அது இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே சப்ளை, அப்புறம் ஆப்டோ இருந்தும் என்ன பிரயோஜனம் சொல்லுங்க! ஜம்பர கழட்டி, ஜேடி-விசிசிக்கும் கிரவுண்டுக்கும் தனி மொபைல் சார்ஜர் குடுத்து, ஆர்டுயினோல இருந்து விசிசியும் இன் பின்னும் (ஆன், ஆஃப் சிக்னல் வர்ற பின்) மட்டும் இழுத்தேன். ஆர்டுயினோவோட கிரவுண்ட சார்ஜர் கிரவுண்டோட சேக்கவே கூடாது, அதான் முக்கியம். அன்னைலருந்து ஒரு ரீசெட் கூட இல்ல.

இன் பின் லோ (0 வோல்ட்) ஆனா தான் ரிலே ஆன் ஆகும், கோட்ல தலைகீழா எழுதணும். விசிசிக்கு 3.3 வோல்ட் குடுத்தா எல்இடி மங்கலா எரிஞ்சு சில நேரம் ரிலே இழுக்காது. பெரிய மோட்டார்னா நேரா மாட்டாதீங்க, நான் நடுவுல கான்டாக்டர் (பெரிய கரண்ட தாங்குற ஸ்விட்ச்) போட்டிருக்கேன். ஜம்பர் பத்தி ஒரு துண்டு சீட்டு கூட வைக்கல, அதுக்காக ஒரு ஸ்டார் குறைச்சு நாலு.