குளிர்கால ஜன்னல்: தாள், பட்டை, இரண்டாம் கண்ணாடி, மெஷின்: எது தோது?

லண்டனில் விக்டோரியா காலத்து வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு நவம்பர் வந்தாலே இரண்டு தொல்லை. மேலும் கீழும் நகர்த்தித் திறக்கிற பழைய சாஷ் ஜன்னலின் இடுக்கு வழியாக ஊதக்காற்று வரும். காலையில் திரையை விலக்கினால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து கீழ்க்கட்டையில் தேங்கியிருக்கும், மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. கடையில் இரண்டு தொல்லைக்குமான சாமான்கள் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. ஒன்றுக்காக வாங்கியது இன்னொன்றைக் கிளப்பிவிடலாம் என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருக்காது.

அறையில் 20 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அப்போது 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். வெளியே 0 டிகிரியாக இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு கண்ணாடியை நடுவே இடைவெளி விட்டு ஒட்டி மூடிய இன்றைய டபுள் கிளேசிங்கில் அதே இரவில் 16 டிகிரி வரை நிற்கும். ஆக, நீர் படியும் பரப்பைச் சூடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

மலிவானது, இடுக்கில் ஒட்டும் பட்டை. சாஷ் ஜன்னலில் சட்டம் உரசி நகர்கிற இடத்தில் ஃபோம் பட்டை சீக்கிரம் பிய்ந்துவிடும், அங்கே பிரஷ் பட்டைதான் சரி. காற்று நின்றுவிடும். ஆனால் அதுவரை இட்லி ஆவியையும், ரேடியேட்டர் மேல் காயப்போட்ட துணியின் ஈரத்தையும் வெளியே கொண்டுபோனது அந்தக் காற்றுதானே? பட்டையை மட்டும் ஒட்டிவிட்டு உட்கார்ந்தால் கண்ணாடி முன்பைவிட அதிகமாக வழியும்.

கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது ஜன்னல் சட்டத்தை மூடி ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் தாள்தான் என்பது என் கட்சி. சட்டத்தைச் சுற்றி இருபக்க டேப் ஒட்டி, தாளை அதில் பதித்து, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சுருக்கமெல்லாம் போய் மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அசையாத காற்று இருப்பதால் தாளின் உட்புறம் 12, 13 டிகிரி வரை வரும். அதாவது மேலே சொன்ன எல்லையைத் தொட்டும் தொடாமலும். வெயில் அடிக்கிற, ஈரமில்லாத நாளாகப் பார்த்து, சட்டத்தைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். டேப்பில் எங்காவது இடைவெளி விழுந்தால் அறையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, கை எட்டாத இடத்தில் மூட்டம் போடும். வசந்தம் வரை அந்த ஜன்னலைத் திறக்க முடியாது. டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம், வாடகை அட்வான்ஸ் ஞாபகம் இருக்கட்டும். தண்ணீர் தெளித்துக் குமிழ்த்தாளை ஒட்டுவதும் உண்டு. வெளிச்சம் வரும், தெரு தெரியாது. குளியலறைக்கு அது போதும்.

இன்னும் செலவழிக்கலாம் என்றால், காந்தப் பட்டையில் ஒட்டி நிற்கும் அக்ரிலிக் பலகை. இதுவும் இருக்கிற ஜன்னலுக்கு உட்புறம் பொருத்தும் இரண்டாம் கண்ணாடி வகைதான், வேண்டும்போது கழற்றிவிடலாம். இதில் பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: உள் பலகை இறுக்கமாக இருக்க வேண்டும், வெளி ஜன்னல் கொஞ்சம் தளர்ந்தே இருக்கட்டும். நடுவில் சேரும் ஈரம் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். வீதிச் சத்தமும் தொல்லை என்றால் இரண்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டராவது விடுவது நல்லது. அதற்குத் தனிச் சட்டம் போட்டுப் பொருத்தும் வகைதான் வேண்டும்.

டபுள் கிளேசிங் பற்றி வாடகைக்காரருக்குப் பேச ஒன்றுமில்லை. சொந்த வீடென்றாலும், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் அனுமதி வாங்கித்தான் ஜன்னலை மாற்ற முடியும். அங்கே இரண்டாம் கண்ணாடிதான் கைகொடுக்கும். ஏற்கெனவே இருக்கிற டபுள் கிளேசிங்கில் இரு கண்ணாடிக்கும் நடுவே மூட்டம் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். எதைத் துடைத்தும் பயனில்லை. சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஈரம் உறிஞ்சும் மெஷின் இதற்கெல்லாம் போட்டி இல்லை, கூட்டாளி. பட்டையோ தாளோ ஒட்டிய வீட்டில்தான் அதன் அருமை தெரியும். கம்ப்ரசர் வகை கரண்டைக் குறைவாகத் தின்னும், ஆனால் 15 டிகிரிக்குக் கீழே போன அறையில் சோம்பிவிடும். ஈரத்தை இழுக்கும் பொருளை உள்ளே வைத்த டெசிகண்ட் வகை குளிர் அறையிலும் உறிஞ்சும், பில் மட்டும் ஏறும். செலவே வேண்டாம் என்றால், சமைத்து முடித்ததும் அடுப்படி ஜன்னலைப் பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிடுங்கள். 0 டிகிரிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 5 கிராமுக்கு மேல் ஈரம் தங்காது, நம் அறைக் காற்றில் அதன் இருமடங்கு இருக்கிறது. மழை பெய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. துணியை மட்டும் ஒரே சிறிய அறையில் போட்டு, கதவைச் சாத்தி, மெஷினை அங்கேயே ஓடவிடுவது நல்லது.