காயம் ஆறுவதற்குள் கையெழுத்து கேட்பார்கள், போட்டுவிடாதீர்கள்

கார் விபத்தில் அடிபட்டு வீடு திரும்பிய சில நாளில் ஒரு போன் வரும். மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து பேசுவார்கள். "இப்போ எப்படி இருக்கீங்க? வலி குறைஞ்சிருக்கா?" என்று கனிவாகத்தான் விசாரிப்பார்கள். யார் கேட்டாலும் சொல்வதுபோல "பரவாயில்லைங்க, நல்லா இருக்கேன்" என்று வாயில் வந்துவிடும். அழைப்பு பதிவானால் பின்னால் உங்களுக்கு எதிராக எடுத்து வைக்கப்படுவது அந்தப் பதில்தான். அடுத்து, "கோர்ட், வக்கீல்னு எதுக்கு அலையணும், இந்த வாரமே முடிச்சிடலாம்" என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். வேலைக்குப் போக முடியாமல் வருமானம் நின்றுபோன வீட்டில் அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். அது தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துக் கேட்கிறார்கள்.

நீட்டுகிற காகிதத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றேதான்: இந்த விபத்தால் உண்டான, இனி உண்டாகக்கூடிய, இன்று தெரிந்த, தெரியாத எல்லாக் காயங்களுக்கும் இத்தொகையை முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன். கையெழுத்து விழுந்த பிறகு ஆறு மாதம் கழித்து முதுகில் அறுவை சிகிச்சை என்றாலும் செலவு உங்களுடையது.

இன்று தெரியாத காயம் என்று ஒன்று இருக்குமா என்றால், நிறையவே இருக்கிறது. பின்னாலிருந்து வண்டி மோதும்போது தலை பின்னும் முன்னும் வெட்டி இழுபடுகிறது. கழுத்துத் தசையிலும் தசைநாரிலும் ஏற்படும் அந்த அடி பல பேருக்கு மறுநாளோ, இன்னும் சில நாள் கழித்தோதான் வலியாகவும் விறைப்பாகவும் வெளிப்படும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற வரியை நம்பிக் கணக்கை முடிக்கக் கூடாது. எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். காலிலோ கையிலோ மரத்துப்போவது, மின்சாரம் பாய்வதுபோல இழுப்பது இருந்தால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லிக் குறிப்பில் ஏற்றுங்கள்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்ட் என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது சகஜம் என்பதால், சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். சுளுக்கு என்று விட்டுவிட்டால் எலும்பு ஒட்டாமல் போய், ரத்த ஓட்டம் குறைந்து, பிற்பாடு மூட்டே தேயலாம். தலையில் அடிபட்டவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும், மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து வாரங்கள் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், மறதி என்று வரலாம். முழங்காலிலோ கணுக்காலிலோ மூட்டுக்குள்ளேயே எலும்பு உடைந்திருந்தால், நன்றாக ஒட்டினாலும் சில ஆண்டுகளில் தேய்மானம் வர வாய்ப்பு உண்டு. உள்ளே வைத்த தகட்டையும் திருகையும் எடுக்கச் சிலருக்கு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படும். அவசரத்தில் முடித்த தொகையில் இவை எதுவும் இருக்காது.

சரி, எப்போது பேசலாம்? இனி இதற்கு மேல் பெரிய முன்னேற்றம் வராது என்று சிகிச்சை தரும் மருத்துவர் சொல்லும் கட்டத்தில். அதை எழுத்தில் வாங்குங்கள். என்ன காயம், எவ்வளவு ஊனம் மிச்சம், இனி என்ன சிகிச்சை வேண்டியிருக்கும், பழைய வேலையைச் செய்ய முடியுமா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். சிராய்ப்பு மட்டும்தான், முழுக்க ஆறிவிட்டது, மருத்துவரும் சிகிச்சை முடிந்தது என்று எழுதிவிட்டார் என்றால் சீக்கிரம் முடிப்பதில் தவறே இல்லை.

காத்திருப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. வழக்குப் போடச் சட்டம் ஒரு காலக்கெடு வைத்திருக்கும். "ஃபைல் மேலிடத்துக்குப் போயிருக்கு" என்று இனிக்க இனிக்கப் பேசி இழுப்பார்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக மட்டும் அந்தக் கெடு பொதுவாக நிற்பதில்லை. கடைசித் தேதியை முதல் வாரத்திலேயே ஒரு வக்கீலிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

சொல்லும் தொகை முழுதும் கைக்கு வரும் என்றும் நினைக்க வேண்டாம். உதாரணத்துக்கு 100 பங்கு தருகிறார்கள். ஆஸ்பத்திரிப் பாக்கி 35. உங்கள் மருத்துவக் காப்பீடு ஏற்கனவே கட்டிய செலவைத் திரும்பக் கேட்க உரிமை இருந்தால் அது ஒரு 20. வக்கீல் கட்டணம் 25. மிச்சம் 20 பங்கில்தான் இனிமேலான பிசியோதெரபியும், இழந்த சம்பளமும், வீட்டில் ஆள் வைத்த செலவும் அடங்க வேண்டும். இந்தக் கழிவுகளை எழுதிப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

வண்டி ரிப்பேருக்கான படிவத்தையும் கடைசி வரி வரை படியுங்கள். தலைப்பில் வாகனச் சேதம் என்று இருக்கும். உள்ளே உடல் காயத்துக்கான உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி நுழைந்திருக்கலாம். முழுத் தீர்வு என்று எழுதி வரும் காசோலையை வங்கியில் போட்டாலே சம்மதம் என்று வாதாட இடம் உண்டு. மருத்துவ ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேட்டால், விபத்துக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனை, தேதிகள் என்று வரம்பு போட்டுக் கொடுங்கள். வரம்பில்லாமல் கொடுத்தால் என்றைக்கோ வந்த முதுகுவலியைத் தோண்டி எடுத்து, இதுவும் பழைய நோய்தான் என்பார்கள். பிசியோதெரபியை நடுவில் நிறுத்தினாலும் அதே கதைதான்: வலி இருந்திருந்தால் போயிருப்பாரே என்று கேட்பார்கள்.

வக்கீலை வைத்துவிட்டால் கவலையில்லை என்பதும் சரியில்லை. பத்துக் கேஸைச் சீக்கிரம் முடித்துச் சதவீதம் வாங்குவது சிலருக்கு லாபம். எந்த மருத்துவ அறிக்கையை வைத்து இந்தத் தொகைக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணமுடைதான் பெரும்பாலோரைக் கையெழுத்துப் போட வைக்கிறது. அதற்கு முன் உங்கள் சொந்த பாலிசியில் மருத்துவச் செலவு உண்டா என்று பாருங்கள், ஆஸ்பத்திரியில் தவணை கேளுங்கள், வழக்கு முடியும் முன்பே கிடைக்கும் இடைக்கால இழப்பீடு உங்கள் ஊர்ச் சட்டத்தில் உண்டா என்று விசாரியுங்கள். உரிமையை விடாமல் பகுதிப் பணம் மட்டும் தரச் சொல்லி எதிர்த்தரப்புக்கு எழுத்திலும் கேட்கலாம்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு வழி குறுகல். மோசடி, மிரட்டல், வயது வராதவர், சுயநினைவு தெளியாத நிலையில் வாங்கிய கையெழுத்து போன்ற காரணங்கள் இருந்தால் ரத்து செய்யக் கேட்க இடமுண்டு. காசோலை இன்னும் கையில் இருந்தால் வங்கியில் போடாமல், காகிதத்தின் நகலோடு அன்றைக்கே வக்கீலிடம் கொண்டுபோங்கள்.